தண்ணீர்மேல் மிதந்த டர்பென்டைன்

அம்பத்தூர் பட்டறையில் நான் ஒருவன்தான் வேதியியல் பட்டதாரி. யாரும் கேட்காமலே அதைத் தினமும் சொல்லிவிடுவேன்.

அன்று பெயின்ட் கரைக்கும் டர்பென்டைன் டின்னைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வாளித் தண்ணீரை ஊற்றிக் கால்வாயில் தள்ளினேன். தண்ணீர் மூலக்கூறு நூற்று நாலரை டிகிரிக் கோணத்தில் வளைந்தது, முனைவுள்ளது. டர்பென்டைன் முனைவற்றது, இரண்டும் கலக்காது என்று படம் போட்டு மார்க் வாங்கியவன் நான்.

ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அந்த டர்பென்டைன் கலக்காமல் தண்ணீர்மேல் மிதந்தபடி, கால்வாயோரம் பொறி பறக்க வெல்டிங் செய்துகொண்டிருந்த அந்தோணி அண்ணனை நோக்கிப் போனது. கத்தியிருக்கலாம். பட்டதாரி மானம் போகுமே என்று தயங்கினேன்.

நாற்றம் மூக்கில் ஏறவே அவரே வெல்டிங்கை நிறுத்தினார். "இன்னா நைனா, என்னை இங்கியே கொளுத்திடலாம்னு பாத்தியா?" என்று சிரித்தார்.

"கவனிக்கலண்ணே" என்று நானும் சிரித்தேன்.

கவனித்தேன் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.