மச்சான் அனுப்பிய கைப்பிடி

மற்ற வீடுகளில் அண்ணன்மார் தங்கைக்குச் சேலை அனுப்புவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் காப்பு, சங்கிலி. என் மச்சான் ஜெர்மனியிலிருந்து என் மனைவிக்கு அனுப்பியது என்ன தெரியுமா? துவக்கில் பொருத்திப் பூட்டும் ஒரு கைப்பிடி!

துவக்கு என்றால் துப்பாக்கிதான். தமிழ்நாட்டு வாசகர்கள் பதற வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது... அல்லது, அந்தக் கைப்பிடி வரும்வரை நடந்தது.

என் மனைவி சுகந்தி டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் டெனிஷ் பெண்கள் இரண்டு பேர் வேட்டைக்குப் போகிறவர்கள். மதிய இடைவேளையில் மான், வாத்து, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி என்று அவர்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் ஆசை பிடித்துவிட்டது. வகுப்புக்குப் போனாள். பறவைகளின் பெயர்களை டெனிஷில் பாடமாக்கினாள். பரீட்சை எழுதினாள், சுட்டும் காட்டினாள். கடைசியில் ‘யாக்டைன்’ கையில் வந்தது. அதுதான் இங்கே வேட்டைக்கான லைசன்ஸ். நான் கார் லைசன்ஸை மூன்றாம் தரம்தான் எடுத்தேன். அவள் இதை முதல் தரமே எடுத்தாள். எனக்குப் பொறாமை இல்லை, பெருமைதான்.

வீட்டுக்கு ஒரு இரும்பு அலுமாரி வந்தது. அதற்குள் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்று வந்தது. சாமிப்படம் இருக்கும் அறையிலிருந்து அதை எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பதுதான் எங்களுக்குள் நடந்த ஒரே வாக்குவாதம்.

ஆனால் மச்சானோடு நடந்தது வாக்குவாதம் இல்லை. அவர் வாதாடவே இல்லை.

தவம் மச்சான் சுகந்திக்குப் பத்து வயது மூத்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து, ஆளாக்கி, என் கையில் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஜெர்மனியிலிருந்து போன் எடுப்பார். லைசன்ஸ் கதையை அவள் சந்தோஷமாகச் சொன்ன அன்று, மறுமுனையிலிருந்து வாழ்த்து வரவில்லை. கேள்விதான் வந்தது:

“எங்கட சனம் துவக்கால பட்டது காணாதோ? நீ காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?”

போனை வைத்துவிட்டார். அதோடு சரி. ஞாயிறுகள் போயின. சுகந்தியின் பிறந்தநாளும் போனது. அவள் அழுகிற சாதி இல்லை. ஆனால் அண்ணன் வழக்கமாகப் போன் எடுக்கும் நேரத்தில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். டீ போட்டுக் கொடுப்பேன். வேறென்ன செய்வது?

இந்தக் கோடையில் கோப்பன்ஹேகனில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மச்சானும் வந்திருந்தார். அண்ணனும் தங்கையும் மண்டபத்தின் இரண்டு கரையில் இருந்தார்கள். நான் பாயாசக் கோப்பையோடு ஒரு மூலையில் நின்றேன். மச்சான் நேராக என்னிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது.

“மச்சான், உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். உண்மையைச் சொல்லும். நீர் அவளுக்குக் கை நீட்டுறனீரோ?”

பாயாசம் புரைக்கேறிவிட்டது.

“என்ன மச்சான் சொல்லுறியள்!”

“அவளின்ர கையைப் பாத்தனான். சட்டைக்குக் கீழ நீலமாக் கண்டிப் போய்க் கிடக்கு.”

“ஐயோ, அது துவக்கு உதைச்சது மச்சான்! சுடேக்க பின்னால உதைக்கும். சத்தியமா நான் இல்லை!”

ஐம்பத்தைந்து வயதில், கல்யாண வீட்டில், பட்டு வேட்டியோடு நின்று இப்படிச் சத்தியம் பண்ண வேண்டி வந்தது. மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தங்கை இருந்த பக்கம் பார்த்தார். “உப்பிடியோ உதைக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான், போய்விட்டார். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கியபோதுதான் பார்சல் வந்தது. அதற்கு முதல் நாள் சுகந்தியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி: ‘ஒரு சாமான் வரும். தோளிலை வைக்கத் தேவையில்லையாம். கையாலை பிடிச்சாப் போதும். இனி நோகாது. அடுத்த மாதம் வாறன்.’

அவள் அதை எத்தனை தரம் வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. குசினியில் சமைத்தபடி வாசித்தாள், பஸ்ஸில் வாசித்ததாகச் சொன்னாள், படுக்கப் போகுமுன் எனக்கும் வாசித்துக் காட்டினாள். “அண்ணை வாறாராம்!”

பார்சலுக்குள் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பிஸ்டல் பிடி. வேட்டைத் துவக்கின் பின்பக்கம் தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை இருக்கும் அல்லவா, நம்மவர்கள் சோங்கு என்பார்களே... அதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்ட வேண்டுமாம். எங்கேயோ இணையத்தில் படம் பார்த்து வாங்கியிருக்கிறார். துவக்கு என்ற சொல்லையே வெறுக்கிற மனிதர், தங்கையின் தோள் நோகக் கூடாது என்பதற்காகத் துவக்குச் சாமான் தேடி வாங்கியிருக்கிறார்!

இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். சேலை தந்தவர் வீட்டுக்கு வரும்போது அந்தச் சேலையைக் கட்டியிருக்க வேண்டும். இடியப்ப மிஷின் தந்தவர் வந்தால் அது பெட்டிக்குள்ளிருந்து எழும்பிக் குசினி மேசைக்கு வந்துவிடும். வந்தவர் கேட்க மாட்டார். கண்ணால் தேடுவார். அது கண்ணில் படாவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்குக் கதை இருக்கும்.

ஆக, மச்சான் வரும்போது அந்தக் கைப்பிடி துவக்கில் இருந்தாக வேண்டும். “ரெண்டு மூண்டு ஸ்க்ரூதானே, நானே பூட்டுறன்” என்றேன். நல்லவேளை, சுகந்தி விடவில்லை. இரண்டு பேரும் வைலே நகருக்கு வெளியே இருக்கும் துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் ஹென்றிக். டென்மார்க்கில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான், எங்களுக்கும் பழகிவிட்டது.

ஹென்றிக் அந்தப் பிடியைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“இதை நான் பூட்ட மாட்டேன். நீயும் பூட்டாதே. பூட்டினால் உன்னுடைய லைசன்ஸ் இந்தத் துவக்குக்குச் செல்லாது.”

“ஒரு கைப்பிடிதானே?” என்றேன் நான்.

“கைப்பிடி இருப்பது பிரச்சினை இல்லை. சோங்கு இல்லாமல் போவதுதான் பிரச்சினை” என்றார் அவர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சட்டம் துவக்கைப் பார்த்து முதலில் கேட்பது, இது எவ்வளவு பலமாகச் சுடும் என்று இல்லையாம். குழல் எவ்வளவு நீளம், முழுத் துவக்கும் எவ்வளவு நீளம், தோளில் வைத்துச் சுடச் செய்ததா, கையில் பிடித்துச் சுடச் செய்ததா... இதைத்தான் கேட்குமாம். தோளில் வைப்பது ஒரு வகை. சோங்கைக் கழற்றிப் பிஸ்டல் பிடி போட்டால் அதே குழல், அதே தோட்டா, ஆனால் வகை மாறிவிடும். வேட்டைக்காரியின் சாமான் என்று பொலிஸ் அதைப் பார்க்காது.

வீட்டுக்கு வந்து நானும் இணையத்தில் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் சட்டத்தின்படி சொட்கண், அதாவது இந்த மாதிரி வேட்டைத் துவக்கு, என்றாலே தோளில் வைத்துச் சுடுவதுதானாம். தொழிற்சாலையிலேயே சோங்கு இல்லாமல், வெறும் பிடியோடு செய்து வந்தால் அதற்குச் சொட்கண் என்ற பெயரே கிடையாதாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. நான் சட்டம் படித்தவன் இல்லை. வாசகர்களில் யாரிடமாவது துவக்கு இருந்தால், ஒரு ஸ்க்ரூவைத் தொடுமுன் பொலிஸிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

“ஏன் அப்படி ஒரு கணக்கு?” என்று சுகந்தி அன்று கடையிலேயே ஹென்றிக்கிடம் கேட்டிருந்தாள்.

“நீளமான துவக்கு வருகிறது என்றால் தூரத்திலேயே எல்லோருக்கும் தெரியும். சோங்கு போனால் அது கோட்டுக்குள் போய்விடும். வாத்துக்குத் துவக்கை ஒளிக்கத் தேவையில்லை. ஆளுக்குத்தான் ஒளிக்க வேண்டும்.”

சொல்லிவிட்டு, அவள் தோளில் துவக்கை வைக்கச் சொல்லிப் பார்த்தார். சிரித்தார். சோங்கு அவளுக்கு நீளமாம், அதனால் தோள்குழியில் பொருந்தாமல் கையில் முட்டுகிறதாம். பிடியைப் பூட்டியிருந்தால் உதைப்பு முழுவதும் மணிக்கட்டுக்கு வந்திருக்குமாம். சோங்கின் அடியில் கொஞ்சம் வெட்டி, ரப்பர் வைத்துத் தந்தார். டென்மார்க்கில் வாங்கும் காற்சட்டை எல்லாவற்றையும் அடி வெட்டித்தானே போடுகிறோம்? துவக்குக்கும் அதே கதிதான்.

தோள் பிரச்சினை தீர்ந்தது. அண்ணன் பிரச்சினை?

“துவக்கு அலுமாரியை விருந்தாளியள் முன்னால திறக்கக் கூடாதெண்டு சட்டம் எண்டு சொல்லுவம்” என்று நான் ஒரு வழி சொன்னேன். நல்ல பொய்தான், நானே மெச்சிக்கொண்டேன்.

“பொய் சொல்லி எடுக்கிற சமாதானம் எனக்கு வேண்டாம்” என்றாள் சுகந்தி. “கோவிச்சா கோவிக்கட்டும். நான் சொல்லுவன்.”

சொல்லிவிட்டாளே தவிர, மச்சான் வருகிற சனிக்கிழமை காலை கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

மச்சான் வந்தார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். கண் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தது.

“அந்தச் சாமான் பூட்டியாச்சே?”

சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். “இல்லை அண்ணை. பூட்டேலாது. பூட்டினா என்ர லைசன்ஸ் போயிடும்.”

“அப்ப நான் களவுச் சாமானோ அனுப்பினனான்?”

“இல்லை அண்ணை, உங்களில பிழை இல்லை...”

“ஒரு கைப்பிடி. அதில என்ன கிடக்கு?” குரல் ஏறியது. இனி இந்த மனிதர் எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிறகு இந்த ஜென்மத்தில் ஞாயிற்றுக்கிழமைப் போன் வராது என்றே நினைத்தேன்.

சுகந்தி நடுங்கவில்லை. ஹென்றிக் சொன்னதை அப்படியே சொன்னாள். “தோளிலை வைக்கிற துவக்கெண்டா தூரத்திலயே தெரியுமாம். சோங்கு இல்லாட்டி உடுப்புக்குள்ள ஒளிக்கலாமாம். ஒளிக்கிற துவக்கு மிருகத்துக்கில்லையாம் அண்ணை, ஆக்களுக்குத்தானாம்.”

மச்சானின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

“நீ அப்ப சின்னப்பிள்ளை” என்றார். “வீட்டை வந்தவை கையில ஒண்டும் இல்லாத மாதிரித்தான் வந்தவை. தண்ணி கேட்டவை. அம்மாதான் செம்பில குடுத்தவ. சேட்டுக்குள்ள வைச்சிருந்தது எங்களுக்குத் தெரியாது.”

மீதியை அவர் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் மாமாவை, அதாவது சுகந்தியின் தகப்பனை, வெளியே கூப்பிட்டதும், மாமா திரும்பி வராததும் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டைக்குள் ஒளித்திருந்த துவக்கைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். இத்தனை வருடத்தில் சுகந்தியே அதைக் கேள்விப்பட்டதில்லை.

“துவக்கெண்டா எனக்கு அதுதான் பிள்ளை. அதையே வாங்கி உனக்கு அனுப்பியிருக்கிறன், பார்.” கண் கலங்கியிருந்தது. பிறகு, யாருக்கோ தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: “நல்ல சட்டம்.”

மச்சான் கை கழுவிவிட்டு வந்தார்.

“எங்க, உன்ர துவக்கைக் காட்டு.”

சுகந்தி அலுமாரியைத் திறந்து, துவக்கை மடித்து, இரண்டு குழலும் வெறுமை என்று காட்டினாள். மச்சான் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குழல் நுனியிலிருந்து சோங்கின் அடிவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“இதைச் சேட்டுக்குள்ள வைக்கேலாது.”

“ஏலாது அண்ணை.”

“கோட்டுக்குள்ளயும் வைக்கேலாது.”

“நான் நிக்கிற உயரத்துக்கு எங்க அண்ணை வைக்கிறது?”

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நான் சிரிக்காமல் இருந்தேன், ஏனென்றால் எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. “அப்ப இது வேற” என்றார் மச்சான். “நோகுதோ இப்ப?” அவள் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். நீலம் ஒன்றும் இல்லை.

பிறகு திரும்பவும் சாப்பிட உட்கார்ந்தோம். உப்புக் கூடிய குழம்பை மச்சான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணனும் தங்கையும் விட்ட மாதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கதைத்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவா வேண்டும்!

யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சட்டப் பிரிவு, மில்லிமீட்டர் கணக்கு, சோங்கு, பிடி... வாசிக்கக் கொட்டாவி வரும் விஷயம். ஆனால் மச்சான் இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பயத்தையும் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எல்லாத் துவக்கும் ஒன்றில்லை என்று பிரித்து எழுதியிருக்கிறார். அது தெரிந்தபோது மச்சானுக்கு ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். எனக்கும்தான்.

இந்த மாதக் கடைசியில் சுகந்தியின் குழு ஃபெசன்ட் வேட்டைக்குப் போகிறது. புதர்ப் பற்றைக்குள் தடியால் தட்டி, சத்தம் போட்டுப் பறவைகளை எழுப்புவதற்குத் துவக்கில்லாத ஆட்களும் தேவையாம். “அதுக்கு வாறியளோ அண்ணை?” என்று கேட்டாள். “துவக்குத் தொடாட்டி வாறன்” என்றார்.

மாதக்கணக்கில் தங்கையோடு வாய் திறக்காமல் இருந்தாரே மனிதர்... சத்தம் போடுவதற்கென்றே ஜெர்மனியிலிருந்து காரோட்டிக்கொண்டு வருகிறார்!