கடலில்லாத ஊரில் ஓடிய ரீல்

இது நடந்தது. நடந்த இடம் தெரியும், நாள் தெரியும், நிமிடம்கூடத் தெரியும். 2011 மே பதினான்கு, சனிக்கிழமை, மத்தியானம் மூன்று நாற்பது. படிக்கிறவர்கள் நேரங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் சொல்வதைவிட அந்த நேரங்கள்தான் அதிகம் சொல்லும்.

லூர்துசெல்வி செம்மநத்தம் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தவள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்தாள். அங்கிருந்து யாரோ சொல்லி, போர்ட் பிளேருக்குப் போனாள். வெளிநாட்டுக்காரர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைக்கும் படகு. அதில் சமையல்காரி. மூன்று வருடத்தில் கரண்டியை வைத்துவிட்டுத் தூண்டில் கோலைப் பிடித்துவிட்டாள்.

அந்த மார்ச் மாதம், பதிமூன்று கிலோ மட்டுமே தாங்கும் தூண்டில் நரம்பில், நாற்பத்தொரு கிலோ பாரை மீனை ஏற்றினாள். ஒரு மணி பத்து நிமிடப் போராட்டம். பதிவானால் பெண்கள் பிரிவில் அது சாதனை.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. மீன் கடித்த நொடியிலிருந்து அது படகோரம் வரும்வரை கோலை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு விரல் பட்டாலும் சாதனை செல்லாது.

படகில் அன்று இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் கேப்டன் தேவசிகாமணி. இன்னொருவர் வெள்ளையன் என்பவர், முங்குகிறவர். மூச்சடக்கி இறங்கி, ஈட்டியால் பெரிய பெரிய களவா மீன்களைக் குத்தி எடுத்துப் பெயர் வாங்கியவர். தன் பேருக்குப் பக்கத்தில் ஒரு சமையல்காரியின் பேரா என்று நினைத்தாரோ என்னவோ, சாதனைகளைப் பதிவு செய்யும் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். "கேப்டன் கோலைப் பிடித்ததை நான் பார்த்தேன்."

சங்கம் விளக்கம் கேட்டது. செல்வி இரண்டே வரியில் பதில் அனுப்பினாள். "என் கோலை யாரும் தொடவில்லை. நான் கடலில் விழுந்திருந்தாலும் தொட விட்டிருக்க மாட்டேன்."

மே மாதம் கடல் முரண்டு பிடிக்கும். படகு ஓடாது. முடிவு வரும்வரை அக்கா வீட்டில் இருக்கலாம் என்று கோலோடு மலையேறி வந்தாள். அக்கா ஞானசுந்தரி காப்பித் தோட்டத்தில் வேலை. அக்கா வீட்டுக்காரர் சின்னப்பன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். எஸ்டேட்டின் கடைசி வீடு. முற்றத்தைத் தாண்டினால் காப்பிச் சரிவு. அதன் கோடியில் ஒரு பாறை. பாறைக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

அன்று காலை பதினொன்றுக்குச் செல்வி கோலை எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

துடைத்து வைத்தாள். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் மறுபடி ஈரம். மழையில்லை. கூரை ஒழுகவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"ஏன் புள்ள, அது என்ன வாடை?" என்றாள் ஞானசுந்தரி. "ஊடு பூராக் கருவாட்டு வாடையா அடிக்குது."

செல்விக்கு அந்த வாடை தெரியும். கருவாடு இல்லை. டீசலும் கடல் தண்ணீரும் கலந்த வாடை. படகின் அடித்தட்டில் தேங்கி நிற்குமே, அது.

வெளியில் காயட்டும் என்று கோலைக் கொண்டுபோய் முற்றத்துச் சவுக்கு மரத்தில் சாய்த்து வைத்தாள். மூன்று மணிக்கு மூட்டம் இறங்கியது. கோடையில் மலைக்கு வரும் மூட்டம்தான். ஆனால் அன்று அது பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரவில்லை. ஒரே இடத்தில், பாறைக்குப் பின்னால், தண்ணீர் போல மட்டமாக நின்றது.

மூன்று நாற்பது.

டிக்...

செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

டிக்... டிக்...

கோலில் நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் சத்தம். நரம்பை ஏதோ ஒன்று முகர்ந்து பார்க்கிற சத்தம். அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அப்புறம்... கிர்ர்ர்ர்ர்ர்ர்!

கோல் சாய்ந்து தரையில் விழுந்து இழுபட்டது. செல்வி பாய்ந்து பிடித்தாள். நரம்பு சரிவுக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு ஓர் ஆள் உயரத்தில், விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாறையைத் தாண்டி மூட்டத்துக்குள் நுழைந்தது. கீழே ஒரு இலைகூட ஆடவில்லை.

"மாமா!"

சின்னப்பன் வெளியே வந்தார். பார்த்தார். ஏதோ ஜீப்பில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து நரம்பை அண்ணாந்து பார்த்தபடி சரிவில் ஓடினார். மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"பாறை வரைக்கும் போகுது... அதுக்கப்புறம் அந்தரத்துல எறங்குது புள்ள. கீழ ஒண்ணுமே இல்ல."

செல்வி துண்டை மடித்து அடிவயிற்றில் வைத்துக் கோலை ஊன்றினாள். ரீலின் பிரேக்கை இறுக்கினாள். கோல் வில்லாக வளைந்தது.

மீன் என்றால் தலையை ஆட்டும். ஓடும், நிற்கும், திரும்பும். இது எதுவும் செய்யவில்லை. கனம் மட்டும். கீழே... கீழே... கீழே. அறுபது கிலோவா, நூறா, சொல்ல முடியாத கனம். அந்தக் கனத்துக்கு நரம்பு எப்போதோ அறுந்திருக்க வேண்டும்.

அறவில்லை.

ஞானசுந்தரி வாசலிலேயே முழங்காலிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சின்னப்பன் அரிவாளோடு வந்தார்.

"அறுத்து உட்றலாம் புள்ள. இது நல்லதில்ல."

"அறுக்கக் கூடாதுங்க மாமா."

"என்னன்னே தெரியாமப் புடிச்சு இழுக்கறியே!"

"என்னவா வேணா இருக்கட்டும். என் நரம்புல வந்திருக்குது. நான் உடமாட்டேன்."

மூன்று ஐம்பத்தைந்து. கொஞ்சம் சுற்றினாள். நாலு அடி வந்தது. ஆறு அடி போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினாள். பாறையைப் பார்த்துக் கத்தினாள்.

"வா! மேல வா! யாருன்னு பாக்கறேன்!"

நாலு மணி. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். அலை சத்தம். படகின் மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம். சின்னப்பனும் கேட்டார். ஞானசுந்தரியும் கேட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாலு ஆறு.

செல்வியின் கால் வழுக்கியது. முழங்காலில் விழுந்தாள். கோல் அவளை இழுத்துக்கொண்டு சரிவை நோக்கிப் போனது. ஒரு முழம்... இரண்டு முழம்...

சின்னப்பன் அரிவாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கோலைப் பிடித்தார்.

செல்வி அலறினாள்.

"தொடாதீங்க! கைய எடுங்க!"

அத்தனை வருடம் படகில் கத்திக் கத்திப் பழகிய வார்த்தை. மலையெல்லாம் எதிரொலித்தது. சின்னப்பன் சுட்டதுபோல் கையை எடுத்தார்.

அதே நொடி, கனம் பாதியானது.

பாதியேதான். செல்வி எழுந்து நின்றாள். சிரிப்புகூட வந்தது. இப்போது தாக்குப்பிடிக்கலாம். பிடித்தாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். உள்ளங்கை கிழிந்து கோல் பிசுபிசுத்தது.

நாலு முப்பத்திரண்டு.

இழுவை நின்றது.

நரம்பு தொய்ந்தது. முழுசாகத் தொய்யவில்லை. நுனியில் ஏதோ இருந்தது. இலேசாக. நனைந்த துணி மாதிரி. செல்வி சுற்றினாள். நரம்பு முழுக்க ஈரம். சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. ரீலில் முந்நூறு மீட்டர்தான் இருந்தது. அன்று அதைவிட எவ்வளவோ அதிகம் சுற்றினாள்.

நாலு ஐம்பத்தொன்று.

நுனி முற்றத்துக்கு வந்தது.

ஒன்றுமில்லை. தூண்டில் முள் மாட்டும் இரும்பு வளையம் மட்டும். செல்வி கையில் எடுத்தாள்.

வளையம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்தாற்போல...

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பதே காலுக்கு ஞானசுந்தரியின் செல்போன் அடித்தது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியிலிருந்து தேவசிகாமணி.

"செல்வி... படகு கவுந்துருச்சு. நேத்து. பழுது பாக்குற இடத்துக்குக் கொண்டு போனோம், நானும் வெள்ளையனும். மூணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி."

செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு நீந்தத் தெம்பில்லாமப் போச்சு. ஆனா முங்கலை. என் மணிக்கட்டை ஏதோ ஒண்ணு பிடிச்சு மேல இழுத்துக்கிட்டே இருந்துச்சு. பார்த்தா ஒண்ணுமில்லை. நாலரைக்கு ஒரு மீன்பிடி படகு வந்து தூக்குற வரைக்கும் விடலை. இப்போ கையில நரம்பு அறுத்த தடம் இருக்கு. டாக்டர் என்னன்னு கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

"நான்தான் அண்ணே," என்றாள் செல்வி. "நான்தான் புடிச்சிருந்தேன். உடவே இல்ல."

அப்புறம் அவளே கேட்டாள்.

"வெள்ளையண்ணன்?"

"என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சிருந்தான். நாலு மணி தாண்டியிருக்கும்... தண்ணிக்கு அடியிலருந்து உன் குரல் வந்துச்சு செல்வி. 'தொடாதீங்க, கைய எடுங்க'ன்னு. எனக்கு மட்டும் கேட்டிருந்தா பிரமைன்னு விட்டுருப்பேன். அவனுக்கும் கேட்டுச்சு. என் மூஞ்சியைப் பார்த்தான். கையை எடுத்துட்டான்."

செல்வி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. கோலை எரித்துவிடலாம் என்றார் சின்னப்பன். அருள்வாக்குக்காரர் ஒருத்தரைக் கூட்டி வரலாம் என்றார்கள் பக்கத்து லைனில். செல்வி தலையை நிமிர்த்தி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் இழுத்தேன். ஒருத்தர் உசிரோட இருக்காரு. இன்னொருத்தருக்கு நான் பதில் சொல்லோணும்னா, சொல்றேன். கோலை யாரும் தொட வேண்டாம்."

மறுவாரம் கப்பலேறிப் போர்ட் பிளேர் போனாள். வெள்ளையனின் மனைவி கண்ணாயியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாயி அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "அவரு அந்தக் கடிதாசி எழுதியிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெள்ளையனின் உடல் விபத்து நடந்த ஒன்பதாம் நாளே அலையாத்திக் காட்டோரம் கரை ஒதுங்கியிருந்தது.

செல்வி திரும்பி வந்தாள். ஆகஸ்டில் சங்கத்திலிருந்து சான்றிதழ் வந்தது. புகார் கொடுத்தவரை விசாரிக்க வழியில்லை என்பதால் புகார் தள்ளுபடி. அவள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியில் வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் தேவசிகாமணி ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஜீப் பிடித்து வந்தார். முற்றத்தோடு நின்றுவிட்டார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

வெள்ளையன் கையில் கட்டியிருந்தது முங்குகிறவர்கள் கட்டும் கடிகாரம். எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழம் என்பதைத் தானே பதிந்துவைக்கும். தண்ணீருக்கு மேலே வந்தால் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் காட்டும். உடலிலிருந்து கழற்றியதைக் கண்ணாயி அவரிடம் கொடுத்திருந்தாள். அவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

செல்வி படித்தாள்.

4:06. இறக்கம் ஆரம்பம்.

4:09. முப்பத்தெட்டு மீட்டர் ஆழம். கடலின் தரை.

4:32 வரை அதே முப்பத்தெட்டு.

4:32. ஏற்றம் ஆரம்பம்.

4:38. தண்ணீர் மட்டம்.

அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கடல் மட்டத்துக்கு மேலே இருநூறு மீட்டர். அறுநூறு. ஆயிரத்து நூறு...

4:51. ஆயிரத்து முந்நூற்று எண்பது மீட்டர்.

"இந்த ஊடு எவ்வளவு உயரம் மாமா?" என்று கேட்டாள். எஸ்டேட் அளவுக் கல்லில் எழுதியிருக்கும் எண் சின்னப்பனுக்கு மனப்பாடம். அவர் தாளிலிருந்த கடைசி எண்ணைப் பார்த்தார். நகர்ந்து மனைவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"பேட்டரி தீர்ற வரைக்கும் பதிஞ்சிருக்கு," என்றார் தேவசிகாமணி. "உடம்பு கடல்லதான் கிடந்துச்சு. கடிகாரம் கையிலதான் இருந்துச்சு. ஆனா அது இந்த உயரத்துலருந்து இறங்கவே இல்லை செல்வி."

அன்று மாலையே சின்னப்பனும் ஞானசுந்தரியும் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு லைனுக்குப் போய்விட்டார்கள். செல்வி போகவில்லை. பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்தாள். நடு அறைச் சுவரில் வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தாள். காலி வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"வெள்ளையண்ணே, இங்கதான் இருக்கீங்கன்னா இருந்துக்குங்க. உங்கள ஏத்தி வந்தவ நான்தான், எறங்கச் சொல்லமாட்டேன். அன்னைக்கு என் கோலை யாரும் தொடல. தொட்டதை நீங்க பாத்தது நெசம்னா... இதைக் கிழிச்சுப் போடுங்க."

நாலு வருடமாகிறது. செல்வி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

சான்றிதழ் கிழியவில்லை.