செருப்புத் திருடிக்கு ஒரு பெயர்

எங்கள் மலேசியத் தோட்டத்து ஆறு பெரிய ஆள் இல்லை. செம்பனை மரங்கள் நிறைந்த குன்றில் கசிந்து, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் சோம்பிக் கிடந்து, பஞ்சாலை என்பவளின் வீட்டுக் குசினிக்கு, அதாவது அடுப்படிக்குப் பின்புறம் மட்டும் காரணமே இல்லாமல் ஒரு வளைவு வளைந்து, பிறகு நல்ல பிள்ளையாக லிங்கி ஆற்றில் போய்ச் சேரும். மழை பெய்தால் அதற்குத் திருட்டுப் புத்தி வந்துவிடும். பஞ்சாலையின் செருப்பில் ஒன்றை மட்டும் கொண்டுபோகும். இரண்டையும் எடுத்தாலாவது புண்ணியம்.

செண்டாயானில் உள்ள தொழிற்சாலை வேலையிலிருந்து வந்ததும் பஞ்சாலை அந்த வளைவில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சூப்பர்வைசர்மேல் உள்ள கோபமெல்லாம் ஆற்றின் தலையில் இறங்கும்.

"திருட்டுக் கழுதை, எங்கடி என் செருப்பு?"

"என்கிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்ற, அதுகிட்ட மட்டும் இவ்ளோ பேச்சா?" என்பார் அவள் கணவர் அர்ச்சுனன்.

"அது எதிர்த்துப் பேசாதுலா." எங்கள் ஊரில் எந்தப் பேச்சுக்கும் வால்போல் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

போன வருடம் மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து நின்றது. வளைவை நிமிர்த்திச் சிமெண்டு போடப் போகிறார்களாம். அந்த இடமும் போனால் பஞ்சாலை எங்கே போய்க் கத்துவாள்?

இது வெறும் லொங்காங், சாக்கடைதானே என்றார் மலாய்க்கார அதிகாரி. பஞ்சாலை மலாயிலேயே சண்டைக்குப் போனாள். ஆறுதான் என்று சாதித்தாள். ஆறென்றால் மேலிடத்தைக் கேட்காமல் தொட முடியாது. சரி, ஆறென்றால் பெயர் இருக்குமே, என்ன பெயர் என்று கேட்டார் அவர்.

இத்தனை காலமும் பஞ்சாலை அதற்கு வைத்ததெல்லாம் திட்டுகள்தான். அதில் ஒன்றைக்கூட அரசாங்கத்திடம் சொல்ல முடியாது. பதற்றத்தில் மலாய் மறந்து தமிழ் வந்துவிட்டது.

"ஆறு... ஆறுலா!"

இயந்திர இரைச்சலில் அவர் தலையாட்டிவிட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். இயந்திரமும் திரும்பிப் போனது. சில மாதங்களில் கரையில் ஒரு பலகை முளைத்தது: 'சுங்கை அருளா'. சுங்கை என்றால் மலாயில் ஆறு; அவள் சொன்ன 'ஆறுலா' அவர் காதில் அருளாவாகி, அருளா ஆறு! அது அம்மனின் பழைய பெயர் என்று கோயில் தலைவர் குணாளன் இப்போது விளக்கம் வேறு சொல்கிறார்.

பெயர் வந்ததே தவிரப் புத்தி வரவில்லை. நவம்பர் மழையில் ஆறு குசினிப் படிவரை ஏறி, பஞ்சாலையின் புதுச் செருப்பில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அவள் குசினி வாசலுக்கு ஓடிவந்தாள். வழக்கமான திட்டுக்காக நாங்கள் காத்திருந்தோம்.

"அடியே அருளா!" என்று கூப்பிட்டு, மிச்சமிருந்த செருப்பையும் தண்ணீரில் வீசினாள். "இந்தா, ஜோடியா போட்டுக்க!"