பூஜைக்குப் போட்ட புது விண்டோஸ்

ஆர்.எஸ்.மங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீடு என்று சுற்றுக் கிராமத்து ஆட்கள் வருவார்கள். போன ஆயுத பூஜைக்குச் சென்னையிலிருந்து வந்த என் கொழுந்தன், "தீபாவளிக்கு நமக்குப் புதுத்துணி மாதிரி, பூஜைக்கு இதுக்குப் புது விண்டோஸ் போட்ருவோம் மதினி. சும்மா பறக்கும்" என்றார். பழைய கம்ப்யூட்டர் தாங்குமா என்று கேட்டேன். "நான் பாத்துக்கிறேன்" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

போட்டு முடித்த கையோடு பொட்டு வைத்து, மாலை சாத்தி, பூஜையில் வைத்துவிட்டோம். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாதே! யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கடையைத் திறந்து கைரேகை மிஷினை மாட்டினால், அப்படி ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை. பிரிண்டரும் அதே கதைதான். இரண்டும் பழசு, புது விண்டோஸில் ஓடாதாம். கைரேகை வைக்காமல் ஒரு வேலையும் நடக்காது. வாசலிலோ காப்பீட்டுக்கு வந்த கூட்டம்.

"ஏம்மா, விதைப்ப விட்டுட்டு பஸ் ஏறி வந்துருக்கோம். நடக்குமா நடக்காதா?" என்று ஒரு அக்கா கத்தினார். ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள். அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்ட கொழுந்தனுக்குப் போன் போட்டால், "வேற மிஷின் வாங்கிருங்க மதினி" என்கிறார்!

பழைய விண்டோஸையே திரும்பப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போதெல்லாம் கைரேகை மிஷினும் பிரிண்டரும் எதில் ஓடும் என்று விசாரிக்காமல் எதையும் மாற்றுவதில்லை.

இந்த ஆயுத பூஜைக்கும் கொழுந்தன் வந்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கக்கூட நான் அவரை விடவில்லை.