கடைப்படகில் குளிர்காலத் திருநாள்

ஹீ குவோக் சியோங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. வேடிக்கையாக ஏதாவது சொல்ல வந்தால், சொல்வதற்கு முன்பே தானே சிரித்துவிடுவார். அதனால் அவருடைய ஜோக் எதற்கும் முடிவு என்னவென்று எங்கள் சிபு ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

ரஜாங் ஆற்றில் கடைப்படகு ஓட்டுகிறவர் அவர். அரிசி, டின் மீன், உப்பு, மண்ணெண்ணெய், ரப்பர் செருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு மேலாற்றுக்குப் போய் இபான் மக்கள் பல குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வாழும் நீளவீடுகளில் விற்றுவிட்டு வருவார். படகு அவருடைய அப்பா கட்டியது. சுக்கான் அறையில் அப்பாவின் படம் மாட்டியிருக்கும். அதன் கீழே சின்னப் பலகையில் ஊதுவத்திக் கிண்ணம்.

அவர் மனைவி நிக் இங் எங்கள் மெதடிஸ்ட் சபையில் பாடகர் குழுவிலும் இருக்கிறாள், அடுப்படியிலும் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் கணவரையும் சர்ச்சுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நான் ஞானஸ்நானம் வாங்கிட்டா, குளிர்காலத் திருநாளுக்கு எங்கப்பா படத்துக்கு யாரு மாவுருண்டை வைப்பா?" என்று கேட்டார். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

எங்கள் சபை மூப்பர் திங் விடவில்லை. படகுத்துறையில் எல்லார் முன்னாலும், "அந்த ஊதுவத்தியை எப்பதான் விடப்போற சியோங்?" என்று கேட்டார். அன்றிலிருந்து சந்தையில் திங் தலை தெரிந்தாலே சியோங் அடுத்த சந்து வழியாகப் போய்விடுவார்.

எங்கள் ஊரில் குளிர் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் எங்கள் சீன முன்னோர் கொண்டுவந்த, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் வரும் குளிர்காலத் திருநாளை யாரும் விடுவதில்லை. முந்தின நாள் சபையார் எல்லாரும் சர்ச் ஹாலில் உட்கார்ந்து பசையரிசி மாவை உருண்டைகளாக உருட்டுவோம். வேகவைத்து, வறுத்த சோயா மாவிலும் சர்க்கரையிலும் புரட்டிச் சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை பார்ப்போம்.

அந்த வருஷம் மலையில் விடாத மழை. கடலேற்றமும் சேர்ந்துகொண்டு ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். பிசைந்த மாவு அண்டாவில் இருக்கிறது, உட்கார இடம் இல்லை. நிக் இங் கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, படகு காலியா இருக்கா?"

"சரக்கு இருக்கு. ஏன்?"

"நாங்க அங்க வந்து உருட்டறோம்."

"யார் யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாருமா? அரிசி மூட்டையெல்லாம் எங்க தூக்கி வைக்கறது?"

"தூக்க வேணாம். அதுமேலயே உக்காந்துக்கறோம்."

பிறகு, "திங் வர்றாரா?" என்று கேட்டார்.

"உருண்டைன்னா அவருதானே மொத ஆளு."

சியோங் அப்பாவின் படத்தைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து மூடப் போனார். சொந்தப் படகிலேயே அப்பாவை மூடிவைத்துவிட்டு விருந்து வைப்பதா என்று தோன்றியது. துணியை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னது இது.

நாங்கள் குடையும் அண்டாவுமாகப் பலகை மேல் நடந்து ஏறினோம். மூட்டைகள் மேல் பெரியவர்கள், மண்ணெண்ணெய் டின்கள் மேல் பிள்ளைகள். பின்பக்க அடுப்பில் தண்ணீர் கொதித்தது. முதல் ஈடு வெந்ததும் சியோங் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் அப்பா படத்தின் முன் வைத்தார். திறந்திருந்த கதவு வழியாகத் திங் பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது?"

"எங்கப்பா."

"அது தெரியுது. கிண்ணம் எதுக்கு?"

"வருசா வருசம் வைக்கறதுதான்."

நிக் இங்கின் கை மாவிலேயே நின்றுவிட்டது. முழங்கை வரை மாவு அப்பியிருந்த எங்கள் பாஸ்டர், யீ அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மூப்பரே, நாம இவரு வீட்டுக்கு வந்திருக்கோம். நம்ம ஹால்ல இப்ப மீன் நீந்திக்கிட்டு இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். திங் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு முறைப்பா இருக்காரு? நேர்ல இப்படி இருக்கமாட்டாரே."

"படம் புடிச்சவன் சிரிக்கக்கூடாதுன்னுட்டான்."

"பாவம், கஷ்டப்பட்டுருப்பாரு. ஜோக் சொல்ல வாயத் தொறந்தாலே மொதல்ல அவருதான் சிரிப்பாரு. முடிவ நாங்க கேட்டதே இல்ல."

படகு முழுக்கச் சியோங்கைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திங் மூட்டைக்குத் திரும்பி, தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். சியோங் அங்கே போய் உட்கார்ந்தார்.

அன்று சியோங் ஊதுவத்தி ஏற்றவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. "பிள்ளைங்க மண்ணெண்ணெய் மேல உக்காந்திருக்கு. அப்பா புரிஞ்சுக்குவாரு" என்றார்.

சாப்பிடும் முன் பாஸ்டர் ஜெபித்தார். இடம் கொடுத்த வீட்டாருக்காக நன்றி சொன்னார். இந்தப் படகைக் கட்டிய ஹீ பெரியவருக்காகவும் நன்றி சொன்னார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். நான் மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன். சியோங் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஓர் இபான்காரர் நீளப்படகில் வந்து உப்பு கேட்டார். சியோங் உப்பையும் ஒரு கிண்ணம் உருண்டையையும் நீட்டினார். வந்தவர் முழுப்பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

வெள்ளம் வடிந்ததும் சியோங் தன் படகின் தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து ஹாலைக் கழுவிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சுக்கு வந்து கடைசிப் பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்தார். ஞானஸ்நானம் இன்றுவரை வாங்கவில்லை. அப்பாவுக்குக் கிண்ணம் வைப்பதை விடவுமில்லை. திங்கும் கேட்பதில்லை, சந்தையில் இருவரும் ஒரே மேசையில் காப்பி குடிக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஹால் காய்ந்து கிடந்தாலும் உருண்டை படகில்தான். இந்த முறை எல்லாரும் ஒரே பக்கமாக உட்கார்ந்துவிட, படகு சாய்ந்தது. சியோங் குரல் கொடுத்தார்: "மெதடிஸ்டுல பாதிப் பேரு அந்தப் பக்கம் போங்க."

நாங்கள் மாவுக் கையோடு எழுந்து இடம் மாறினோம்.