வலது காலில் கிடைத்த முத்திரை

இன்று காலை கிள்ளான் பாசார்ச் சந்தையில் என் கால் வெந்து போனது!

அடுப்பில் இல்லை. மோட்டாரில் இருந்து இறங்கும்போது.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.)

பக்கத்தில் பெட்டி வைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் அது. ஒரு காலத்தில் என்னுடையது. பெட்டியில் சூடான இடியப்பம், பின்சீட்டில் என் மனைவி லெட்சுமி, அவள் மடியில் தேங்காய்ப்பூ டின். விடிகிற நேரத்தில் நாங்கள் ஹார்ன் அடித்தால் தெருவே தட்டோடு வாசலுக்கு வரும். அந்த ஆவி வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஆனால் அந்த வண்டியில் ஒரு வில்லங்கம். இடப்பக்கம் பெட்டி அடைத்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தவர் வலப்பக்கம்தான் இறங்க வேண்டும்.

புகைக்குழாயும் வலப்பக்கம்தான். கொதித்துக்கொண்டு!

அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வலது கெண்டைக்காலில் ஒரே இடத்தில் வடு. லெட்சுமிக்கு, என் தங்கைக்கு, ஒரே ஒரு நாள் ஓசியில் ஏறிய பால்காரருக்குக்கூட!

ஓட்டினவன் நான் மட்டும் தப்பித்தேன். அதனால் எனக்கு வாய் நீளம். யார் சுட்டுக்கொண்டாலும் ஒரே பாட்டுத்தான்.

"பார்த்து இறங்க மாட்டியா? கண்ணு என்ன பினாங்குக்குப் போயிருச்சா?"

பிறகு கண்ணில் புரை வந்தது. வண்டியைத் தேங்காய் வியாபாரம் செய்யும் முனியாண்டிக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல பையன் (அவனுக்கும் அறுபது ஆகிறது). தினமும் காலையில் என்னைப் பெட்டியில் ராஜா மாதிரி உட்கார வைத்து பாசாருக்குக் கூட்டிப்போவான். நுரை பொங்க ஆற்றின ஒரு தே தாரிக் டீ, நாலு பேரோடு பேச்சு. எனக்கு மிச்சம் இருக்கிற ஊர் அவ்வளவுதான்.

இன்று பெட்டி நிறையத் தேங்காய். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பின்சீட்டில் ஏறினேன்.

வண்டி நின்றது. வலது காலை இறக்கினேன்.

சுர்ர்ர்!

"அண்ணே, கண்ணு என்ன பினாங்குக்குப் போயிருச்சா?" என்றான் முனியாண்டி. (எத்தனை வருஷம் காத்திருந்தானோ!)

சிரித்துக்கொண்டே மீ நூடுல்ஸ் கடைக்கு ஓடி, கிச்சாப் போத்தலை வாங்கி வந்து காலில் ஊற்றிவிட்டான். சூடு பட்டால் சோயா சாஸ், அதுதானே நம் ஆட்களின் வைத்தியம்!

கிளினிக்கில் டாக்டர் பொண்ணு மோந்து பார்த்தது.

"அங்கிள், காலைக் காட்ட வந்தீங்களா, மீ கோரெங் போட வந்தீங்களா? சுகர் உள்ள காலாச்சே இது! வெறும் தண்ணியில பிடிச்சிட்டு நேரா இங்க வர வேண்டியதுதானே? ஆறாம போனா காலுக்கே ஆபத்து."

கழுவி, கட்டுப் போட்டு அனுப்பியது.

எனக்குக் காலைவிடப் பெரிய பயம் லெட்சுமி. சுகர் வந்ததில் இருந்து என் கால்களுக்கு அவள்தான் போலீஸ். தெரிந்தால் பாசார் பயணம் அத்தோடு சரி!

கட்டை மறைக்க நீளக் கால்சட்டை, அதான் சிலுவார், போட்டுக்கொண்டேன். மத்தியானத்தில், சொந்த வீட்டில், கைலி கட்டுகிற ஆள்!

"ஏங்க, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லையே."

"பிறகு எதுக்கு சிலுவார்?" கிட்டே வந்தாள். "கிச்சாப் வாடை அடிக்குது. காலைக் காட்டுங்க."

காட்டினேன். பினாங்கு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது காலை என் காலோடு சேர்த்து வைத்தாள். புளியங்கொட்டை மாதிரிப் பளபளக்கும் பழைய வடு. என் கட்டும் அதே உயரத்தில்.

"அன்னைக்கு எனக்கும் கிச்சாப்தான் ஊத்துனீங்க."

"இனிமே பாசாருக்குப் போகக்கூடாதா?" என்றேன்.

"புண்ணு ஆறட்டும். பிறகு நானும் வரேன். பின்சீட்டுல இருந்து இறங்கணும்னா முதல்ல இடது காலைப் பெட்டி விளிம்புல ஊனி எழுந்திரிக்கணும். அப்புறம் வலது காலைத் தள்ளி வைக்கணும். சூடு பட்ட மறுநாளே நான் கத்துக்கிட்டேன். நீங்க ரோட்டைப் பார்த்தே ஓட்டுனீங்க, என்னைக்குத் திரும்பிப் பார்த்தீங்க?"

இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு வித்தை நடந்திருக்கிறது!

உங்கள் வீட்டில் யார் காலில் இருக்கிறது இந்த முத்திரை? வலது கால்தானே?