பக்கத்து முற்றத்துக்கு மேலே என் டிரோன்

இன்னைக்கு கம்பளையில ஒரு கல்யாண வீட்டுக்கு டிரோன் ஷூட். பறக்கவிடுற அனுமதி, பொலிசுக்குக் கொடுத்த கடிதம் எல்லாம் பையில இருந்துச்சு.

பக்கத்து வீட்டுப் பின்முற்றத்துல வெள்ளை உடுத்த ஒரு அம்மா கதிரையில உக்காந்து வெயில் காஞ்சிட்டிருந்தாங்க. பார்க்க அழகா இருக்கேன்னு மேலேயே கொஞ்ச நேரம் நிப்பாட்டி வீடியோ எடுத்தேன்.

பத்து நிமிஷத்துல அவங்க மகன் வந்தார். அவர் வாய் திறக்க முன்னமே பேப்பரை நீட்டினேன்.

வாசிச்சு, மடிச்சுத் தந்தார். "பேப்பர் சரி தம்பி. வாப்பா மௌத்தாகி மூணு மாசம். எங்கட உம்மா இத்தாவில, நாலு மாசம் பத்து நாள் துக்கத்துல இருக்காங்க. வெளி ஆம்பளைங்க பார்க்கக்கூடாதுன்னு அந்த முற்றத்துக்கு மட்டும்தான் வாறாங்க. இப்ப அதுவும் இல்ல, அறைக்குள்ள போய்ட்டாங்க."

மஹய்யாவையில முஸ்லிம் வீடுகளுக்கு நடுவுல வளர்ந்தவன் நான். அந்த வெள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

ரிமோட்டை அவர் கையில கொடுத்துட்டுத் திரும்பி நின்னேன். அவரே தேடி அழிச்சார்.

டிரோன் வச்சிருக்கிற நண்பர்களே, பறக்கவிட முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கீங்களா? நான் இன்னைக்குத் தட்டினேன், மன்னிப்புக் கேக்க. யார்கிட்ட கேக்கணுமோ, அவங்க என் முன்னாடி வரவே கூடாது.